டீச்சருக்குச் சுடுதண்ணி

கிருசாந்தி டீச்சர் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு காலைச் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும் இந்திரகுமாருக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

பஞ்சு மட்டும் என்றால் பரவாயில்லை. டீச்சரின் கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. முகம் வீங்கியிருந்தது. ரொட்டியைச் சம்பலில் தொட்டு வாய்வரைக்கும் கொண்டுபோனவர் அப்படியே கண்ணயர்ந்து, தலை தொங்கியதும் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"என்னங்க டீச்சர், ஒடம்புக்கு முடியலீங்களா?"

டீச்சர் சாவகச்சேரிக்காரர். சோறு போடுகிறவர்களின் மனம் நோகப் பேசக்கூடாது என்று வளர்க்கப்பட்டவர். ஒரு காதுப் பஞ்சை எடுத்துக் கேள்வியை மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டு, அடுப்படியில் நின்ற இந்திரகுமாரின் மனைவி ஜீவராணியை ஒருதரம் பார்த்தார்.

"ஒண்டுமில்லை அண்ணை. தண்ணி சரியான குளிர். அதுதான்."

இந்திரகுமார் தேத்தண்ணியைக் கீழே வைத்தார். இதே வார்த்தையை அவர் முன்பும் கேட்டிருக்கிறார்.

பலாங்கொடையில் பஸ் ஏறி, வளைந்து வளைந்து மலை உச்சிக்குப் போனால் வருகிற தேயிலைத் தோட்டம் அது. அங்குள்ள பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்துக்கு ஆள் நிலைப்பதில்லை. முதலில் வவுனியாவிலிருந்து ஒரு கணக்கு சேர் வந்தார். ஒரு தவணை முடிந்ததும் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவருக்குப் பிறகு ஹட்டன் பக்கத்து டீச்சர் ஒருவர் வந்தார். அவர் அந்தளவுகூட இருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் விடுதி கிடையாது என்பதால் இரண்டு பேருமே இந்திரகுமார் வீட்டில்தான் தங்கினார்கள். இரண்டு பேருமே முதலில் காதில் பஞ்சு வைத்தார்கள், பிறகு தலையில் மப்ளர் சுற்றினார்கள், பிறகு பெட்டியைக் கட்டினார்கள். போகும்போது இரண்டு பேரும் சொன்ன காரணம் தண்ணீர். ஹட்டன் குளிரில் பிறந்து வளர்ந்தவருக்கே ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இது எப்பேர்ப்பட்ட தண்ணீராக இருக்க வேண்டும் என்று இந்திரகுமார் அப்போதே மலைத்துப்போனார்.

அவர் தோட்டத்துக் கொழுந்து லொறியின் டிரைவர். பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளரும் அவர்தான். தொழிலாளர் வீடுகள் வரிசையாய் ஒட்டிக்கொண்டிருக்கும் லயத்தின் கடைசி வீடு அவருடையது. முன்பக்கத்துத் திண்ணையான இஸ்தோப்பைப் பலகை அடித்து மூடி, வருகிற ஆசிரியர்களுக்கென்றே ஓர் அறை ஆக்கியிருந்தார். வாடகை வாங்குவதில்லை. சாப்பாட்டுக்கும் காசு இல்லை. எப்படியாவது ஒருவர் நிலைத்தால் போதும் என்பது அவர் எண்ணம்.

இந்த முறை அந்த எண்ணம் வேண்டுதலாகவே மாறியிருந்தது. மகள் தனுஷியாவுக்கு இந்த வருஷம் ஓ.எல். பரீட்சை. கிருசாந்தி டீச்சர் வந்த பிறகுதான் அவளுக்குக் கணக்கில் பாஸ் மார்க்கே வரத் தொடங்கியிருந்தது. பொறுப்பான பிள்ளை. இருட்டியதும் பாயையும் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு வெள்ளையம்மா அக்கா வீட்டுக்குப் படிக்கப் போய், அங்கேயே படுத்து, விடிந்துதான் திரும்பி வருவாள். நம் வீட்டில் இல்லாத எந்த வெளிச்சம் அந்த வீட்டில் இருக்கிறது என்று இந்திரகுமார் கேட்டதில்லை. படிக்கிற பிள்ளையைத் துருவிக் கேட்கக்கூடாது.

அன்று டீச்சர் எழும்பிப் போனதும் தனுஷியா சொன்னாள்:

"இந்த டீச்சரும் போய்ட்டாங்கன்னா, நான் கூடையத் தூக்கிக்கிட்டு கொழுந்து பறிக்கத்தான்பா போகணும்."

அவள் அழவில்லை. கோபப்படவும் இல்லை. நாளைக்கு மழை வரும் என்பதுபோலச் சொல்லிவிட்டுப் போனாள். அதுதான் இந்திரகுமாரை உலுக்கிவிட்டது.

முதலில் அவர் செலவில்லாத வழியைத்தான் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க விறகு பிளந்து அடுக்கினார். விடியும் முன்பே பெரிய பானையில் தண்ணீர் கொதிக்கவைத்து டீச்சருக்குக் கொடுக்கச் சொல்லி ஜீவராணிக்கு உத்தரவு. விறகு பிளந்த அலுப்பில் அன்று அடித்துப்போட்டதுபோலத் தூங்கினார். காலையில் சுடுதண்ணீரில் குளித்துவிட்டு வந்த டீச்சர், பஞ்சுக்கு மேலே மப்ளரும் கட்டியிருந்தார்.

"ராத்திரியில டீச்சர் இருமினாங்களா?" என்று ஜீவராணியிடம் ரகசியமாய் விசாரித்தார்.

"எனக்கு என்னங்க தெரியும்?" என்றாள் ஜீவராணி. அவளைக் கேட்டுப் பிரயோசனமில்லை. தேயிலை ஃபெக்டரிக்கு ஒட்டினாற்போல இருந்த லயத்தில் பிறந்து, மெஷின் இரைச்சலில் தாலாட்டுக் கேட்டு வளர்ந்தவள். பக்கத்தில் இடி விழுந்தாலும் புரண்டுகூடப் படுக்கமாட்டாள்.

பானைத் தண்ணீர் அடுப்பில் கொதிக்கும், மேலே ஊற்றும்போது ஆறிவிடும், அதனால்தான் குளிர் விடவில்லை என்று இந்திரகுமார் தானாகவே முடிவுகட்டினார். குழாயைத் திறந்தால் சுடச்சுடக் கொட்ட வேண்டும். துரை பங்களாவில் இருக்கிறதே, அதுபோல ஒரு ஹீட்டர்.

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்க அவர் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சேர்த்துவைத்திருந்த காசு இருந்தது. அதில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு பலாங்கொடை டவுனில் ஸுபைதாவின் ஹார்ட்வெயார் கடைக்குப் போனார். ஸுபைதா இருப்பதிலேயே சின்ன ஹீட்டரை எடுத்து மேசையில் வைத்து விலையைச் சொன்னார். இந்திரகுமார் ஹீட்டரைத் தூக்கிப் பார்த்தார். ஒரு பிஸ்கட் டின் கனம்கூட இல்லை.

"முப்பத்தெட்டாயிரமா? இதுக்கா?"

"இது ஆகக் கொறஞ்ச வெல. அது கெடக்கட்டும், ஒங்கட ஊட்டுல பிரெஷர் ஈக்கிதா?"

"எனக்கு இல்லீங்க. வீட்டுக்காரிக்குத்தான் கொஞ்சம் இருக்கு. மாத்திர போடுறா."

ஸுபைதா சிரிப்பை அடக்கிக்கொண்டு, தான் கேட்டது தண்ணீரின் பிரெஷர் என்று விளக்கினார். குழாயில் தண்ணீர் வேகமாக வராவிட்டால் இந்த ஹீட்டர் வேலை செய்யாதாம். இந்திரகுமாருக்கு அதெல்லாம் பெரிய விஷயமாகப் படவில்லை. மலையிலிருந்து வருகிற தண்ணீருக்கா வேகம் இருக்காது என்று சொல்லிவிட்டு ஹீட்டரைப் பிள்ளையைப்போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார்.

மாட்டுவதற்குச் சசி வந்தான். அந்த வட்டாரத்தில் கரண்ட் வேலை, குழாய் வேலை இரண்டுக்கும் அவன் ஒருவன்தான். வீட்டுக்குப் பின்னால் தகரம் அடித்து மறைத்திருந்த குளிக்கும் இடத்தைச் சுற்றிவந்தான். தகரத்தில் தட்டிப் பார்த்தான். அது டமடமவென்று ஆடியது.

"அண்ணே, இதுல எங்க ஆணி அடிக்கிறது? செவுரு வேணும்."

சுவர் எழுந்தது. கல்லு, சீமெந்து, மணல், அவற்றை மலைக்கு ஏற்றும் கூலி. மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம் அதில் போயிற்று. சுவரில் ஹீட்டரை மாட்டிக் குழாயைத் திறந்தால், தண்ணீர் மூக்கொழுகுவதுபோல வந்தது. ஹீட்டரில் விளக்கு எரியவில்லை. மலை ஊற்றுப் பீலியிலிருந்து வரும் தண்ணீர் தரையில் இருந்த பீப்பாவில் விழுந்து, அதிலிருந்துதான் குளிக்கும் இடத்துக்கு வருகிறது. அதற்கு வேகம் எங்கிருந்து வரும்? தொட்டி ஒன்று வாங்கி உயரத்தில் வைக்க வேண்டும் என்றான் சசி. கூரையில் வைக்கலாமே என்றார் இந்திரகுமார். வெள்ளைக்காரன் காலத்துக் கூரை, தொட்டியோடு சேர்ந்து கட்டிலுக்கு இறங்கிவிடும் என்றான் சசி. ஆகவே தூண்.

தூண் வைக்க வீட்டைச் சுற்றி ஓர் இடம்தான் இருந்தது. இஸ்தோப்பு அறையின் வாசல். தூண் எழும்பியதும் அந்த அறைக்குள் போவதற்கு வழியில்லாமல் போயிற்று. வளர்த்த ஆடுகள் இரண்டும் தூணுக்காக விற்கப்பட்டன. ஜீவராணி அந்தத் தூணைக் கடக்கும்போதெல்லாம் அதை ஆட்டின் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

டீச்சரை உள் காம்பராவுக்கு மாற்றினார்கள். இந்திரகுமாரும் ஜீவராணியும் படுக்கும் காம்பராவுக்கும் அதற்கும் நடுவில் ஒரு சுவர். எல்லா லயத்திலும்போல அந்தச் சுவரும் கூரையைத் தொடாமல் பாதியில் நின்றது. இஸ்தோப்பைவிட இது கதகதப்பு, இனி குளிர் கிட்ட வராது என்று இந்திரகுமார் டீச்சருக்கு உறுதி சொன்னார். டீச்சர் அந்தப் பாதிச் சுவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் அடுப்படியிலயே படுக்கிறன் அண்ணை. பிரச்சினை இல்லை."

"அதெல்லாம் கூடாதுங்க டீச்சர். படிச்சவங்க நீங்க. அடுப்படியில கெடந்தா எங்களுக்கு மரியாதையா இருக்குமா?"

தொட்டியில் தண்ணீர் நிறைந்தது. டீச்சர் குளிக்கப் போனார். ஹீட்டரில் விளக்கு எரிந்தது என்று உள்ளேயிருந்து அவர் சொன்ன மறுகணம் டப்பென்று ஒரு சத்தம். வீடு முழுக்க இருண்டது. தலையெல்லாம் சோப்பு நுரையோடு டீச்சர் இருட்டில் நின்றார். ஜீவராணி வாளியில் பச்சைத் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினாள். டீச்சர் போட்ட சத்தம் தோட்டத்தின் அடுத்த டிவிசனுக்குக் கேட்டிருக்கும்.

சசி மெயின் போர்டைத் திறந்து பார்த்துவிட்டு நெற்றியில் கை வைத்தான். பழைய வயர். இரண்டு பல்புக்கும் ஒரு டீவிக்கும் போட்டது. இந்த ஹீட்டர் இழுக்கிற கரண்டை இது தாங்காது. புது வயர், புது போர்டு, மண்ணில் இறக்குகிற எர்த் கம்பி எல்லாம் வேண்டும். அத்தோடு, தண்ணீரைத் தொட்டிக்குள் வைத்து மெதுவாய்ச் சூடாக்குகிற கீசராக மாற்றினால் வீட்டுக்கு நல்லது.

ஸுபைதா, பாவித்த ஹீட்டரைப் பாதி விலைக்குத்தான் எடுப்பேன் என்றார். மாட்டியதோடு சரி, அதில் ஒரு கோப்பைத் தண்ணீர்கூடச் சுடவில்லை என்று இந்திரகுமார் எவ்வளவோ வாதாடிப் பார்த்தார். கீசரின் விலையைக் கேட்டபோது கடையிலிருந்த கதிரையில் அவராகவே உட்கார்ந்துவிட்டார். ஸுபைதா இரக்கப்பட்டு ஒரு சோடா உடைத்துக் கொடுத்தார். மோட்டார் சைக்கிள் முழுசாய்ப் போயிற்று. அடுத்து ஜீவராணியின் சீட்டுக் காசும் வந்து சேர்ந்தது. மொத்தச் செலவைக் கேள்விப்பட்ட லயத்துச் சனம், அந்தக் காசுக்கு டீச்சரைத் தினமும் கொழும்பு ஹோட்டலுக்குக் கூட்டிப்போய்க் குளிப்பாட்டியிருக்கலாம் என்று பேசிக்கொண்டது.

ஆனால் வேலை முடிந்த அன்று அந்தச் சனமெல்லாம் வந்து நின்றது. வெள்ளையம்மா அக்கா கீசருக்குத் திருநீறு பூசி, சூடம் காட்டினார். இந்திரகுமார் சாமி படத்தைத் திறப்பதுபோலக் குழாயைத் திறந்தார். ஆவி பறக்கக் கொட்டியது தண்ணீர். பிள்ளைகள் கைதட்டின. ஜீவராணிக்கு அந்த ஆவியைப் பார்த்ததும் ஆட்டுச் சோகம்கூடக் கொஞ்சம் தணிந்தது.

டீச்சர் குளித்துவிட்டு வந்து, மெய்யாகவே கண் கலங்கச் சொன்னார்:

"எனக்காக இவ்வளவு செலவு செய்திருக்கிறியள். என்ர அப்பாகூட இப்பிடிச் செய்திருக்கமாட்டார்."

இந்திரகுமாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவரும் போய் ஆசைதீரச் சுடுதண்ணீரில் குளித்தார். உடம்பில் ஒவ்வொரு நரம்பும் தளர்ந்து கொடுத்தது. லொறி ஓட்டிய முதுகுவலி இறங்கிப்போனது. நெஞ்சில் கிடந்த பாரமும் சேர்ந்து இறங்கியது. மல்லாந்து படுத்தவர், கல்யாணமான நாளிலிருந்து அப்படித் தூங்கியதில்லை.

காலையில் டீச்சர் சாப்பிட வரவில்லை. ஜீவராணி போய்ப் பார்த்தபோது வெளியே தூணில் சாய்ந்து, இரண்டு காதையும் தலையணையால் பொத்தியபடி உட்கார்ந்திருந்தாராம். பிறகு மெல்ல எழும்பி உள்ளே வந்து, இந்திரகுமார் முன்னால் தலைகுனிந்து நின்றார்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. நான் மாற்றம் கேட்கப் போறன். திங்கட்கிழமை வலயக் கல்விக் கந்தோருக்குப் போறன்."

இந்திரகுமார் மெயின் ஸ்விட்சைத் தொட்டவர்போல நின்றார். கடைசியில் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"அதான் சுடுதண்ணி வந்துருச்சேங்க டீச்சர்?"

டீச்சர் அவரைப் பார்த்தார். ஜீவராணியைப் பார்த்தார். கதவோரம் வந்து நின்ற தனுஷியாவையும் பார்த்தார். அவர் கண் மறுபடி கலங்கியது.

"சூடு கூடிப்போச்சு அண்ணை."

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் கோபம் வந்திருக்கும். இந்திரகுமாருக்கு வரவில்லை. அவர் நியாயமான மனிதர். குளிர்ந்தாலும் தவறு, கொதித்தாலும் தவறு, அளவாக இருக்க வேண்டும், இதை முதலிலேயே யோசிக்காதது தன் பிழை என்று தன்னையே நொந்துகொண்டார். அன்று பின்னேரமே ஸுபைதாவின் கடைக்குப் போனார். அவரைக் கண்டதும் ஸுபைதா கேளாமலே கதிரையை இழுத்துப் போட்டார். சுடுதண்ணீரையும் பச்சைத் தண்ணீரையும் அளவாய்க் கலக்கிற மிக்சர் குழாய் ஒன்று இருந்தது. அதன் விலைக்கு ஜீவராணியின் கல்யாணத் தோடு அடகுக்குப் போனது. தோட்டைக் கழற்றிக் கொடுத்தபோது அவள் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: இதோடு நிறுத்துங்கள்.

வெள்ளிக்கிழமை டீச்சர், இரத்தினபுரியில் இருக்கும் சிநேகிதி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிப் புறப்பட்டார். வழக்கமாகக் கொண்டுபோகிற சின்னப் பையோடு இந்த முறை பெரிய பெட்டியும் போனது. தனுஷியா பஸ் வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஏற்றிவிட்டு வந்து, கணக்குப் புத்தகத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். இந்திரகுமாரால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. உடனே சசிக்குப் போன் போட்டு, எவ்வளவு கேட்டாலும் தருகிறேன், டீச்சர் திங்கட்கிழமை கந்தோருக்குப் போகும் முன் இந்தத் தண்ணீரைச் சரிப்படுத்திக் கொடு, நான் இரத்தினபுரிக்கே போய்க் காலில் விழுந்தாவது கூட்டிவருகிறேன் என்று கெஞ்சினார்.

சசி சனிக்கிழமை மத்தியானம் வந்தான். அவன் வந்தபோது பிடித்த மழை விடவே இல்லை. பின்னேரம், கீழே வளைவில் மண் சரிந்து பாதை அடைபட்டுவிட்டது, பஸ் வராது என்று தகவல் வந்தது. மழையில் குழாயும் மாட்ட முடியவில்லை. இங்கேயே தங்கிக் காலையில் வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்றார் இந்திரகுமார். ஜீவராணி கருவாட்டுக் குழம்பு வைத்துச் சோறு போட்டாள். டீச்சர் இருந்த காம்பராவில் சசிக்குப் பாய் விரித்துக் கொடுத்தாள்.

இரவு மழை இரைச்சல் அடங்கியபின் வந்த குளிருக்கு இந்திரகுமார் நன்றாகத் தூங்கி எழுந்தார். சோம்பல் முறித்துக்கொண்டு வெளியே வந்தார். மழை விட்டு, மலை பளிச்சென்று இருந்தது. சசி வேலையைத் தொடங்கியிருக்கவில்லை. தன் சாமான் பெட்டியை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கோழி கூவும் முன்பே எழும்பியவன்போல வாசற்படியில் குந்தியிருந்தான். மிக்சர் குழாய் பெட்டி பிரிக்காமல் பக்கத்தில் கிடந்தது. அவன் கண் இரண்டும் பழுத்த மிளகாய்போல இருந்தன.

இந்திரகுமார் பதறிப்போனார்.

"அடக் கடவுளே. நீயும் இந்தத் தண்ணியில குளிச்சிட்டியா சசி?"

சசி மிக்சர் பெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

"இத மொதல்ல கடையில திருப்பிக் குடுங்கண்ணே. தண்ணியால யாருக்கும் ஒரு கரச்சலும் இல்ல. நேத்து ராத்திரி ஒங்க கொறட்டையக் கேட்டு, மல சரிஞ்சு வருதுன்னு நானே ரெண்டு வாட்டி பெட்டியத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு ஓடுனேன்."